சி.ஐ.டி. தரகரும் கோட்டுக்கு அடியில் நடந்த சண்டையும்

அன்றைக்கு அந்தக் காப்பிக் களத்தில் இருந்தவர்கள் மொத்தம் அறுபத்தைந்து பேர். எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் இருபத்தெட்டு, ஆண்கள் இருபத்தொன்று, குழந்தைகள் ஒன்பது. கங்காணி, அவருடைய சம்சாரம். எங்களை ஏற்றி வந்த ஜீப்பு டிரைவர். நாடகத்தில் நடிக்க வந்த மூன்று பேர்: கதாநாயகன் சிலமலை சன்னாசி, போலீஸ் பெரிய அதிகாரியாகவும் நடனக்காரியாகவும் இரண்டு வேடம் கட்டிய டெய்லர், எதிரி நாட்டு உளவாளியாக நான். அறுபத்தைந்தாவது ஆள் சி.ஐ.டி. தரகர். இவ்வளவு துல்லியமாக எனக்கு எப்படித் தெரியும் என்றால், எண்ணியதே நான்தான். நாடகம் முடிந்ததும் என்னைக் கட்டிலில் வைத்துக் கீழே குரங்கணி வரை தூக்கிக்கொண்டு போக எத்தனை ஆள் தேறும் என்று பார்த்தேன். ஜீப்பு இருக்கிறதே என்பீர்கள். அந்த ஜீப்பில் நான்தான் கிளீனர். அதன் யோக்கியதை எனக்குத் தெரியும்.

சினிமாச் சண்டையைப் பற்றி முழுக்கத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் மெட்ராசில் இல்லை, பம்பாயில் இல்லை. போடிநாயக்கனூரில் மாட்டுத் தரகராக இருந்தார்.

அவருடைய சொந்தப் பேர் அவரிடம் மாடு வாங்கியவர்களுக்கும் தெரியாது, விற்றவர்களுக்கும் தெரியாது. சி.ஐ.டி. தரகர் என்றால் பஸ் ஸ்டாண்டில் யாரும் வழி காட்டுவார்கள். நெஞ்சுக்குப் பக்கத்தில் ஏற்றிக் கட்டிய வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு, முட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி வழுக்கைத் தலை. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு உளவாளிப் படம் எது வந்தாலும், அது எந்த பாஷையாக இருந்தாலும், மாட்னி காட்சியாக ஏழு தடவை பார்ப்பார். பாட்டு வந்தால் பீடி குடிக்க வெளியே போவார். காதல் வந்தால் தூங்குவார். சண்டை வந்தால் நிமிர்ந்து உட்காருவார். அப்போதும் கதாநாயகனைப் பார்க்க மாட்டார். அடி வாங்குகிறவனைத்தான் பார்ப்பார்.

"அடிக்கிறவன் சும்மா கைய வீசிட்டுப் போயிருவான், அப்பு. வாங்குறவன் நம்ப வச்சாத்தான் அது அடி. விக்கிறவன் மாட்டப் பத்தி ஆயிரம் பேசுவான். மாடு நடந்து காட்டணும்ல" என்பார்.

அவருக்குச் சில கட்டளைகள் உண்டு. ஒருத்தன் பத்துப் பேரை அடிக்கிற சண்டை அவருக்கு ஆகாது; மந்தையில் எந்த மாட்டின் பல்லையும் யாரும் பிடித்துப் பார்ப்பதில்லை என்பார். சண்டைக்கு இரண்டே ஆள் போதும், இடம் ரயில் பெட்டி மாதிரி இடுக்கமாக இருக்க வேண்டும், ஓட வழி இருக்கக் கூடாது. அந்த இடத்தில் கிடக்கிற சாமானைக் கொண்டே அடித்துக்கொள்ள வேண்டும். கெட்டில் இருந்தால் கெட்டில், டெலிபோன் இருந்தால் அதன் வயர். எல்லாவற்றுக்கும் மேலே, எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பது பெஞ்சு டிக்கெட்டில் இருக்கிற கடைசி ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிலிம் ரோல் அவன் கையில் இருக்கிறதா, இவன் கைக்கு வந்துவிட்டதா, இதுதான் சண்டையாம். மற்றதெல்லாம் தேகப்பயிற்சியாம்.

கடைசியாக ஒன்று. சண்டை முடிந்ததும் தலை கலைந்திருக்க வேண்டும். இதில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஒரு படத்தில் கதாநாயகன் கப்பலின் இன்ஜின் அறையில் கால் மணி நேரம் கட்டிப் புரண்டுவிட்டு, வகிடு கலையாமல் எழுந்து நின்றான். தரகர் நேரே மேனேஜர் அறைக்குப் போய் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார். சுழி சரியில்லாத மாட்டை நான் ஒருத்தன் தலையில் கட்டினால் அவன் கொண்டு வந்து திருப்பிக் கட்டுவான், உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் காசு தரவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போய் மிச்சப் படத்தையும் பார்த்தார் என்று கேள்வி.

இந்த இடத்தில் அவருடைய துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவன் கை ஒரு பக்கம், விற்கிறவன் கை ஒரு பக்கம், மேலே தரகர் துண்டைப் போட்டு மூடிவிடுவார். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து, அதற்கு மேல் என்றால் விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். பாதி விரல் என்றால் அரை. நூறா பத்தா என்பதை மட்டும் வாயால் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. பேரம் முடிந்தது என்பதைத் தரகர் இரண்டு பேரின் தோளையும் பார்த்தே கண்டுபிடித்து, துண்டை உருவிக்கொண்டு "படிஞ்சது" என்று கத்துவார். அந்தச் சத்தம் சந்தையின் அந்தக் கோடிக்குக் கேட்கும்.

தியேட்டரிலும் அந்தக் கை சும்மா இருக்காது. சண்டை சூடு பிடித்தால் பக்கத்தில் இருப்பவன் கையை எடுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொள்வார். அடிக்கு ஒரு விரல். ஒரு நாள் பக்கத்தில் இருந்தது ராசிங்காபுரத்துச் சம்சாரி, ஒரு விவசாயி. அவரும் சந்தை பழகிய மனிதர். துண்டுக்குள் கை போனதும் பழக்கத்தில் பதிலுக்கு விரலைப் பிடித்திருக்கிறார். இடைவேளையில் விளக்கு எரிந்தபோது இரண்டு பேருக்கும் ஒரு ஜோடி காளைக்கு விலை முடிந்திருந்தது. அந்தச் சம்சாரி காளையைக் காட்டு என்று மூன்று நாள் தரகர் பின்னாலேயே அலைந்தார். கடைசியில் தரகர் எங்கேயோ தேடி, அந்த விலைக்கே ஒரு ஜோடி பிடித்துக் கொடுத்தார். கை கொடுத்தாகிவிட்டதே.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஆத்தா ஒரு பசுவைச் சிலமலை சன்னாசிக்கு விற்றாள். தரகர், அதே சி.ஐ.டி. தரகர்தான். எங்கள் வீட்டில் வேளைக்கு மூன்று படி கறந்த பசு, சிலமலை போனதும் ஒன்றரைப் படியில் நின்றுவிட்டது. போதாததற்கு உதைத்தது. சன்னாசி எங்கள் வாசலில் வந்து நின்று இருநூறு ரூபாயைத் திருப்பிக் கேட்டார். ஆத்தா வீட்டுக்கூரை ஓட்டை மாற்றி மாடு விற்ற பணத்தைத் தீர்த்திருந்தாள். கறக்கத் தெரியாத கைக்கு மாடு என்ன செய்யும், ஒரு சல்லி தர மாட்டேன் என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டாள். சன்னாசி சும்மா போகவில்லை. இருநூறு வரும், இல்லையென்றால் அதற்குண்டான எலும்பு வரும் என்று சிலமலை டீக்கடையில் அறிவித்துவிட்டார். ஆத்தாவின் எலும்பை யாரும் தொட முடியாது. வீட்டில் இருந்த இன்னொரு எலும்புக் கூட்டம் நான்.

சன்னாசியைப் பற்றி ஒரு வார்த்தை. சேற்றில் சிக்கிய வண்டியைத் தனியாகத் தூக்கி விட்டவர். கையைத் தொங்கவிட்டால் இரண்டு தேங்காய் தொங்குகிற மாதிரி இருக்கும். அன்றிலிருந்து நான் சிலமலை வழியாகப் போகிற லோடு எதற்கும் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். என் கூலி வாரத்துக்கு இருபது ரூபாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனாலும் இருநூறை இருபதால் வகுக்கத் தெரியும். வகுத்து வகுத்துத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் குரங்கணிக்கு மேலே இருந்த ஒரு எஸ்டேட்டிலிருந்து கங்காணி தரகரைத் தேடி வந்தார். லயத்து ஜனங்கள் போடிக்கு இறங்கிப் படம் பார்த்தால் ஒரு நாள் கூலி போகிறது, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு சி.ஐ.டி. நாடகத்தை மேலே கொண்டாங்க என்றார். மேலே கரண்டு கிடையாது. மூடுபனி இறங்கினால் ஜீப்பு இறங்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி, காப்பிக் கொட்டை காயப் போடுகிற சிமிண்டுக் களத்தில் நாடகம் என்று முடிவானது.

சண்டைப் பயிற்சி தரகர். கதாநாயகன் சன்னாசி. ஏனென்றால் ஜீப்பு வாடகை அவர் கொடுத்தார். எதிரி உளவாளி நான். தரகரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"மாமா, அவரு என்னையக் கொன்னுருவாரு. வேற ஆளப் போடுங்க."

"வேற எவன் மூஞ்சியிலடா பயம் இம்புட்டு ரெடியா இருக்கு? காசு குடுத்தாலும் இப்பிடி ஒரு மூஞ்சி கிடைக்காது. வாங்குறவன்தான் சண்டை, மாப்ளே. நீதான் சண்டை" என்றார்.

ஒத்திகை அவருடைய மாட்டுத் தொழுவத்தில் நடந்தது. இடுக்கமாக இருக்க வேண்டுமாம். சன்னாசியின் குத்து ஒவ்வொன்றும் என் தாடைக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து நிற்கும். நின்றுகொண்டே அவர் மெதுவாகச் சொல்வார்: "இங்க இல்லடா. மலைக்கு மேல வச்சுப் பாத்துக்கிறேன்." தரகர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி தீவனம் போடுவார். காட்சி இதுதான். என் கோட்டுப் பையில் சோப்பு டப்பா, அதற்குள் பிலிம் ரோல். சன்னாசி அதைப் பிடுங்க வருவார், நான் கோட்டைக் கழற்றி அவர் மேலே வீசுவேன், கோட்டு எங்கள் இரண்டு பேர் கை மேலேயும் விழும், டப்பாவுக்காக உள்ளே இழுபறி நடக்கும். பிறகு அவர் அடிப்பார், நான் விழுவேன். இதில் கோட்டு விழுகிற இடத்தைத் தரகர் நாற்பது தடவையாவது செய்ய வைத்தார். அடி, உதை எதிலும் அவருக்கு அக்கறை இல்லை. கோட்டு சரியாக விழ வேண்டும்.

கிளம்புகிற அன்று காலையில் என்னைத் தனியே கூப்பிட்டு, "கோட்டு விழுந்ததும் அவன் கையத் தேடிப் பிடி. என்ன ஆனாலும் விடாத" என்றார். வலிக்காமல் அடிக்க ஏதோ தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பனியன் போட்டுக்கொண்டேன்.

நாடகம் தொடங்கியது. டெய்லர் தொப்பி வைத்து அதிகாரியாக வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு நடனக்காரியாக வந்தார். மீசையை எடுக்க மறுத்துவிட்டதால் யார் எப்போது வருகிறார்கள் என்று ஜனங்களுக்குக் குழப்பம். மலை மேலிருந்து பனி மெல்ல இறங்கிக் களத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது. நான் எஸ்டேட்டில் இரவல் வாங்கிய மழைக்கோட்டில் பனிக்குள்ளிருந்து வந்து நின்றேன். ஜனங்கள் மூச்சு விடவில்லை. எனக்கும் மூச்சு வரவில்லை, வேறு காரணத்தால்.

சன்னாசி வந்தார். "ரகசியத்தைக் கொடு" என்றார். நான் கோட்டைக் கழற்றி வீசினேன். நாற்பது தடவைப் பழக்கம். கோட்டு அளந்த மாதிரி இரண்டு பேர் கை மேலேயும் விழுந்தது. சோப்பு டப்பா எங்கேயோ உருண்டது. நான் கையைத் தேடிப் பிடித்தேன். அந்தக் கை என் கையை ஒரு திருகு திருகியது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சன்னாசி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது வசனத்தில் இல்லாத வார்த்தை.

"நூறு."

என் இரண்டு விரலைப் பிடித்தார்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. இருநூறு. கேட்கிறார். கோட்டுக்குள் கேட்கிறார். நான் "பத்து" என்று முனகி, அவர் கையில் மூன்று விரலைப் பிடித்தேன். முப்பது.

சன்னாசியின் கண் இரண்டும் வெளியே வந்தது. கோட்டோடு சேர்த்து என்னைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிவிட்டார். களத்தில் பெண்கள் வீல் என்றார்கள். அந்தரத்தில் தொங்கிக்கொண்டே நான் கையை மொத்தமாகப் பிடித்தேன். ஐம்பது. கீழே இறக்கினார். இறக்கிவிட்டு, நூறு என்று சொல்லி ஒரு விரலும் பக்கத்து விரலில் பாதியும் பிடித்தார். நூற்றைம்பது. நான் பத்து என்று சொல்லி முழுக்கை பிடித்து விட்டு, மறுபடி மூன்று விரல் பிடித்தேன். எண்பது. அவர் என் கட்டை விரலை நெரித்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினேன். இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தோம். முகத்துக்கு முகம் நாலு விரல்கடை. அவர் முகத்தில் ஒன்றரைப் படிப் பாலின் கோபம். என் முகத்தில் நாலு வாரக் கூலி.

முன்வரிசையில் கங்காணியின் சம்சாரம், மலையாளத்துப் பெண்பிள்ளை, எழுந்தே விட்டாள். "இது நாடகமல்லா கேட்டோ. இது நெஜம்" என்று அவள் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அப்படி ஒரு சண்டையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் ஒரு அடி விழவில்லை.

கடைசியில் சன்னாசி ஒரு பெருமூச்சு விட்டார். "நூறு" என்றார். ஒரே ஒரு விரலைப் பிடித்தார். நான் அந்த ஒரு விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த மனிதர் அதைச் செய்தார். களத்தின் ஓரத்தில் நின்று எங்கள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தவர், தோள் இரண்டும் தளர்ந்ததைக் கண்டதும் முப்பது வருடப் பழக்கத்தில் விறுவிறு என்று நடுக்களத்துக்கு வந்தார். கோட்டை ஒரே இழுப்பில் உருவினார். மலை எதிரொலிக்க "படிஞ்சது" என்று கத்தினார்.

ஜனங்கள் பார்த்தது என்ன என்றால், நாட்டைக் காக்க வந்த துப்பறிகிறவரும் எதிரி உளவாளியும் கை கோத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் சிவப்புத் துண்டோடு ஒரு வழுக்கைத் தலை.

"அப்ப நாட்ட வித்துட்டாய்ங்களா?" என்று ஒரு குரல் வந்தது.

டெய்லர் பின்னாலிருந்து அடி அடி என்று சாடை காட்டினார். சன்னாசிக்கும் அடிக்க வேண்டியது ஞாபகம் வந்தது. ஆனால் கோபம் போய்விட்டதே. என் தோளில் ஒரு தட்டு தட்டினார், கல்யாண வீட்டில் சம்பந்தியைத் தட்டுகிற மாதிரி. நான் அம்மா என்று கத்திக்கொண்டு, சிமிண்டில் முட்டி உரசுமே என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு குழந்தை சிரித்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆண்கள் இரண்டு பேர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். கங்காணி முகம் கறுத்துவிட்டது.

தரகர் எங்களைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். பிறகு சன்னாசியின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, சந்தைக் குரலில் சொன்னார்:

"தரகு ஆளுக்குப் பத்து ரூவா. எட்றா, மாப்ளே. கறக்கத் தெரியாத கைக்கு நூறே சாஸ்தி."

கறக்கத் தெரியாத கை என்பதுதான் சன்னாசிக்கு ஆகாது. ஆத்தா சொன்ன அதே வார்த்தை. கை தானாகப் போய்விட்டது. மேலே பட்டதோ இல்லையோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் தரகர் வாங்கினார் பாருங்கள். தலை ஒரு பக்கம் திரும்பியது, கால் இரண்டும் பின்னிக்கொண்டன, நாலு அடி பின்னாலேயே தள்ளாடிப் போய், குவித்து வைத்திருந்த காப்பிக் கொட்டை மேல் மல்லாந்து, அதோடு சரசரவென்று சரிந்து களத்துக்கு வந்து சேர்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி மடங்கியது. மூச்சு இரைத்தது. வேட்டி மடிப்பிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்து (எப்போது எடுத்து வைத்தார் என்று தெரியாது), நடுங்குகிற கையால் சன்னாசியிடம் நீட்டிவிட்டு, செத்துப்போனார்.

பெரிய உளவாளி அவர்தான், நான் அவருடைய கையாள் என்று ஜனங்களே முடிவு பண்ணிக்கொண்டார்கள். கை தட்டு ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று. கங்காணியின் சம்சாரம் அந்த "நூறு" என்பது என்ன ரகசியக் குறியீடு என்று என்னிடம் தனியே கேட்டாள். வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இறங்கும்போது ஜீப்பில் சன்னாசி முன்னால் உட்கார்ந்து வந்தார். தரகரைத் திரும்பிப் பார்க்க அவருக்கு முகம் இல்லை. வளைவில் எங்கேயோ என்னிடம் மெல்லச் சொன்னார்: "காலையில இந்த மனுசந்தாண்டா சொன்னாரு. கோட்டுக்குள்ள அவன் கை வரும், கேக்க வேண்டியதக் கேட்டு முடின்னு." ஆத்தாவும் தெருவில் சொல்லிவிட்டாள், அவரும் டீக்கடையில் சொல்லிவிட்டார். இரண்டு பேராலும் இறங்கி வர முடியாத நிலைமை. மூன்று தடவை இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து சமாதானம் பேசிப் பார்த்துவிட்டு, தரகர் நாலாவதாகக் கண்டுபிடித்த வழி அது.

தரகர் பின்னால் லோடு மூட்டைகளுக்கு நடுவில், வீங்கிய முட்டியில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு கிடந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு முனகல். முட்டி உடைந்திருக்குமோ, ஆஸ்பத்திரி செலவு எவ்வளவு ஆகுமோ, அவர் வீட்டில் என்ன பதில் சொல்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எப்பிடிடா விழுந்தேன்?"

"நல்லா விழுந்தீக, மாமா."

"அது தெரியும். தலை கலைஞ்சிருந்துச்சா?"

அந்தத் தலையைப் பார்த்தேன். கலைவதற்கு அதில் ஒரு முடி கிடையாது. இரண்டு காப்பிக் கொட்டை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கலைஞ்சிருந்துச்சு, மாமா" என்றேன்.

திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

சன்னாசிக்கு நூறு ரூபாயை ஆத்தாவுக்குத் தெரியாமல் என் கூலியிலிருந்து எட்டு மாதத்தில் அடைத்தேன். சன்னாசி தன் பங்குத் தரகை மறுநாளே கொண்டு போய்க் கொடுத்து, முட்டிக்கு எண்ணெயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். என் பங்கை நான் எத்தனையோ தடவை நீட்டினேன். சந்தையில் நீட்டினேன், தியேட்டர் வாசலில் நீட்டினேன், கடைசியாக அவர் நடமாட்டம் குறைந்து வீட்டோடு இருந்தபோது தலைமாட்டில் வைத்தும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் விரலை மடக்கித் திருப்பி விட்டார். "வாங்கிட்டா யாவாரம் முடிஞ்சு போகும்ல. அப்புறம் நீ எதுக்கு வரப் போறே" என்றார்.

இன்றைக்கும் பாக்கி. பத்து ரூபாய்.